தீயணைப்புக்கும் பொலிஸுக்கும் தொழில்நுட்ப வழங்குநரைத் தெரிவுசெய்தல்: திருகோணமலையில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கான வழிகாட்டி

தீயணைப்புப் பிரிவுக்கு ரேடியோத் தொகுதி வாங்குவதற்கோ, அவசர அழைப்புகளைப் பதிந்து வாகனங்களை அனுப்பும் மென்பொருளை வாங்குவதற்கோ அமைக்கப்படும் மதிப்பீட்டுக் குழுவில் முதன்முறையாக அமர்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. அப்படி அமர்பவர்களில் பெரும்பாலோர் கணக்காளர்களாகவோ நிருவாக உத்தியோகத்தர்களாகவோ பொறியியல் உதவியாளர்களாகவோ இருப்பார்கள். ரேடியோ அலைகளைப் பற்றியோ தரவுத்தளங்களைப் பற்றியோ அவர்கள் நிபுணர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் அளவுகோலை மட்டும் கைவிடக் கூடாது: வாங்கிய பொருள் பழுதாகிக் கிடக்கும் இரவில் இந்த வழங்குநர் நமக்கு என்ன செய்வார்? விற்பனைக் கூட்டத்தில் எல்லாக் கருவிகளும் நன்றாகவே இயங்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தப் பழுதான இரவை முன்கூட்டியே கேள்வியாகவும் சோதனையாகவும் ஒப்பந்த வாசகமாகவும் மாற்றுவதற்கானது.

யாருக்கு எதை வாங்கும் அதிகாரம் உண்டு

வெளிநாட்டு வழிகாட்டி நூல்களை வாசித்துவிட்டு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. அமெரிக்காவில் பல நகரங்களுக்குச் சொந்தமாகப் பொலிஸும் தீயணைப்புத் துறையும் இருப்பதால், ஒரே நகர நிர்வாகம் இரண்டுக்கும் சேர்த்து வாங்குகிறது. இலங்கையில் நகரத் தீயணைப்பு உள்ளூராட்சி சபையின் பணி. பொலிஸ் தேசிய சேவை. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பற்றிய ஏற்பாடுகள் இருந்தாலும் அவை நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே திருகோணமலை மாநகர சபை தன் கேள்விமனுவில் உப்புவெளிப் பொலிஸ் நிலையத்தின் ரேடியோவையும் சேர்த்து வாங்கிவிட முடியாது.

இருந்தாலும் ஒரு தீவிபத்து நடக்கும் இடத்தில் இருவரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். எனவே விவரக்கூற்று, அதாவது வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம், எழுதத் தொடங்குமுன், பொலிஸ் எந்த வகை ரேடியோவைப் பயன்படுத்துகிறது, சபையின் கட்டுப்பாட்டு அறை அதனுடன் இணைய அனுமதி உண்டா, அந்த அனுமதியை வழங்குபவர் யார் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகு, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, கடற்படை, துறைமுக அதிகாரசபை, சீனக்குடா எண்ணெய்க் களஞ்சியங்களை நடத்துவோர் ஆகியோரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கிடைக்கும் சம்மதம் அதிகாரி இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் அவரோடு போய்விடும்.

சட்டப் பக்கத்தில் நான்கு விடயங்களை முதலிலேயே சரிபார்க்க வேண்டும். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள புதிய பெறுகை (அரச கொள்வனவு) வழிகாட்டிகளின்படி, சபையின் எந்த மட்டக் குழுவுக்கு எவ்வளவு தொகை வரை அதிகாரம் உண்டு என்பது முதலாவது. 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டத்தின்படி, 50 இலட்சம் ரூபாவைத் தாண்டும் கேள்விமனுவில் பங்குபெறுவோர் பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. ரேடியோ அலைவரிசைக்கும் கருவிகளுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் தேவை என்பது மூன்றாவது; இதற்குக் காலம் எடுக்கும் என்பதால் கேள்விமனு வெளியாகுமுன்னரே விண்ணப்பித்துவிட வேண்டும், ஏனெனில் உரிமம் இல்லாத ரேடியோ அலுமாரியில்தான் இருக்கும். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கும் தம் உறவினருக்கும் எந்த வழங்குநருடனும் தொடர்பில்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது நான்காவது. சிறிய நகரத்தில் உறவும் நட்பும் இல்லாமல் இருக்காது. அதை வெளிப்படுத்திவிட்டு ஒதுங்குவதில் இழுக்கு எதுவும் இல்லை.

ஓர் அழைப்பின் பாதையை எழுதுங்கள்

எந்த நிறுவனத்தின் விளம்பரத் தாளையும் திறக்குமுன் இதைச் செய்யுங்கள். நிலாவெளியில் ஒரு விடுதியின் சமையலறையில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியை எடுப்பவர் பொலிஸின் 119 ஐ அழைப்பாரா, தீயணைப்பின் 110 ஐயா, சபையின் நேரடி இலக்கத்தையா? அந்த அழைப்பு எந்த மேசையில் ஒலிக்கிறது? இரவில் எடுப்பவருக்குத் தமிழும் சிங்களமும் தெரியுமா? அவர் எதில் எழுதுகிறார்? சாரதிக்கு எப்படித் தெரிகிறது? வாகனம் வாயிலைத் தாண்டிய நேரம் எங்கே பதியப்படுகிறது? ஒவ்வொரு கைபேசி வலையமைப்பிலிருந்தும் அழைத்துப் பார்த்து, அழைப்பு போய்ச் சேரும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இது அவசர சேவை என்பதால் அந்தந்த நிலையங்களுக்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டே சோதிக்க வேண்டும்.

பிறகு கடந்த ஓராண்டின் சம்பவப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பதிவிலும் தாமதம் எங்கே ஏற்பட்டது என்று பாருங்கள். வழி தெரியாமல் சுற்றியதா, தண்ணீர் நிரப்பும் இடம் தொலைவில் இருந்ததா, ஆள் பற்றாக்குறையா, ரேடியோ எட்டவில்லையா? முக்கால்வாசித் தாமதம் ஆள் பற்றாக்குறையால் வந்திருந்தால் எந்த மென்பொருளும் அதைத் தீர்க்காது. அதைச் சபைக்கு எழுத்தில் சொல்லும் துணிவு குழுவுக்கு வேண்டும். தொழில்நுட்பம் தீர்க்கக்கூடிய தாமதங்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அளக்கக்கூடிய இலக்கு எழுத வேண்டும். "நவீன கட்டளை மையம்" என்பது இலக்கு ஆகாது. "அழைப்பை எடுத்ததிலிருந்து 90 விநாடிக்குள் வாகனத்துக்குத் தகவல் போக வேண்டும்" என்பது இலக்கு.

இந்த வேலையில் கட்டாயம் உட்கார வேண்டியவர்கள் இரவுப் பணி செய்யும் தீயணைப்பு வீரர்களும் தொலைபேசி எடுப்பவர்களும்தான். இங்கிலாந்தில் 46 உள்ளூர்த் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளை 9 பிராந்திய மையங்களாக மாற்ற 2004 இல் தொடங்கிய பெருந்திட்டம், 2010 டிசம்பரில் கைவிடப்பட்டது. குறைந்தது 46 கோடியே 90 இலட்சம் பவுண் வீணானதாக அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் கணக்கிட்டது. உள்ளூர்த் தீயணைப்புச் சேவைகளின் சம்மதத்தைத் தொடக்கத்திலேயே பெறாமல் மேலிருந்து திணித்ததை அது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

விவரக்கூற்றில் இந்த ஊர் இருக்க வேண்டும்

இணையத்திலோ வேறொரு சபையிலோ எடுத்த விவரக்கூற்றைப் பிரதிசெய்வது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் உப்புக்காற்றும் வடகீழ்ப் பருவமழையும் மும்மொழியும் அதில் இருக்காது.

முதலில் மின்சாரம். 2020 ஓகஸ்ட் 17 இலும் 2025 பெப்ரவரி 9 இலும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நமக்கு வடக்கே குச்சவெளி, திரியாய்ப் பகுதியில் கரை கடந்தது. ஆகவே கட்டுப்பாட்டு அறைக்கும் மலைமேல் இருந்து ரேடியோச் சமிக்ஞையை வாங்கித் தொலைவுக்கு அனுப்பும் மறுஒலிபரப்பிக்கும் தனித்தனியாக எத்தனை மணி நேர மாற்று மின்சாரம் வேண்டும் என்பதை எண்ணில் எழுத வேண்டும். மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் தீர்ந்துபோகலாம் என்பதையும் 2022 நமக்குக் காட்டியது. சூரிய மின்தகடும் மின்கலமும் சேர்ந்த ஏற்பாட்டை மறுஒலிபரப்பிக்கு நான் வலியுறுத்துவேன்.

ரேடியோவில் டெட்ரா, டிஎம்ஆர், பி-25 என்ற மூன்று திறந்த (எந்தத் தயாரிப்பாளரும் பின்பற்றக்கூடிய) தரநிலைகள் உலகெங்கும் பொதுப் பாதுகாப்புச் சேவைகளில் உள்ளன. பி-25 பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் டெட்ரா ஐரோப்பாவிலும் வேரூன்றியவை. டிஎம்ஆர் ஒப்பீட்டளவில் மலிவானது, சிறிய சேவைக்கு அது போதும். எதைத் தெரிவுசெய்தாலும் தரநிலையின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரே தரநிலையில் இருந்தும் குறியாக்க முறையும் கூடுதல் வசதிகளும் நிறுவனத்துக்கே உரியவையாக இருந்தால், அடுத்த முறை வேறு நிறுவனத்தின் கருவி வாங்கும்போது அவை ஒன்றோடொன்று பேசாது. வேறு இரு தயாரிப்பாளர்களின் கருவிகளோடு பேசிக் காட்ட வேண்டும் என்று விவரக்கூற்றிலேயே கேளுங்கள். மறுஒலிபரப்பி விழுந்துவிட்டாலும் கருவிக்குக் கருவி நேரடியாகப் பேசும் வசதி தீயணைப்புக்கு உயிர்நாடி. தடித்த கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான், புகையிலும் கேட்கக்கூடிய ஒலி, ஒரு முழுப் பணிநேரத்துக்கு நிற்கும் மின்கலம் ஆகியவையும் வேண்டும். நீர்த்தடுப்புக்கு ஐபி67 கேட்டால், ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனால் அந்த எண் உப்பு அரிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கடலோரத்தில் பொருத்தும் அன்டெனா, கமரா, பெட்டிகளுக்கு உப்புப்பனிச் சோதனைச் சான்றிதழைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது மொழியும் முகவரியும். நம் ஊரில் அவசரத்தில் வீட்டிலக்கம் சொல்பவர் குறைவு. கோயில், பள்ளிவாசல், விகாரை, சந்தி, பாடசாலை ஆகியவற்றைச் சொல்லியே இடம் காட்டுகிறார்கள். அனுப்புகை மென்பொருளின் வரைபடம் அந்த அடையாளங்களையும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளையும் கொண்டிருக்க வேண்டும். ஒரே இடத்தைத் தமிழில் தட்டினாலும் சிங்களத்தில் தட்டினாலும் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு தட்டினாலும் கண்டுபிடிக்க வேண்டும். தமிழுக்கான இலங்கைத் தரநிலை எஸ்எல்எஸ் 1326. அதற்கும் யுனிகோட்டுக்கும் இணங்குவதைக் கட்டாயமாக்குங்கள். தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றில் 70 எழுத்துக்குறிகளுக்கு மேல் அடங்காமல் அடுத்த செய்தியாகப் பிரியும் என்பதால், எச்சரிக்கைச் செய்திகளின் செலவையும் வரிசை மாறி வரும் சிக்கலையும் வழங்குநர் எப்படிக் கையாளுகிறார் என்று கேளுங்கள். தமிழ் வேலை செய்யும் என்ற வாக்குறுதியை ஒருபோதும் கண்ணால் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

எந்தப் பொருளின் வர்த்தகப் பெயரையும் விவரக்கூற்றில் எழுதக் கூடாது. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் தாளிலிருந்து அளவுகளை அப்படியே எடுத்து எழுதுவதும் மறைமுகமாக அதே தவறுதான்.

வழங்குநரைப் பற்றி விசாரித்தல்

பெரும்பாலும் நம்மிடம் வருபவர் கொழும்பிலுள்ள உள்ளூர் முகவர். தயாரிப்பாளர் வேறு நாட்டில் இருப்பார். தயாரிப்பாளரின் அதிகாரமளிப்புக் கடிதத்தோடு, முகவர் தொழிலை விட்டுவிட்டால் பராமரிப்பை யார் ஏற்பார் என்பதற்குத் தயாரிப்பாளர் தரும் உறுதியும் வேண்டும். தொழில்நுட்பவியலாளர் எங்கே இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. கொழும்பிலிருந்து இங்கே வர ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வெள்ளக் காலத்தில் வீதி மூடப்பட்டால் அதுவும் இல்லை. எனவே உதிரி மறுஒலிபரப்பி ஒன்றும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உதிரிக் கைரேடியோக்களும் திருகோணமலையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையல்ல.

வழங்குநர் தரும் வாடிக்கையாளர் பட்டியலில் உள்ள இடங்களுக்குப் பேசும்போது மேலதிகாரியோடு நிறுத்தாமல், அந்தக் கருவியைத் தினமும் தொடுபவரிடம் பேசுங்கள். கடைசியாக எப்போது பழுதானது, யார் வந்தார், எத்தனை மணி நேரத்தில் வந்தார் என்ற மூன்று கேள்விகள் போதும். வழங்குநரை விட்டு விலகிய ஒரு வாடிக்கையாளரின் பெயரையும் கேளுங்கள். அப்படி யாருமே இல்லை என்பவரைச் சற்றுக் கூடுதலாக விசாரிப்பது நல்லது.

விலையை எப்படி ஒப்பிடுவது

குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற அச்சம் புதியவர்களை ஆட்டிவைக்கிறது. பெறுகை விதிகள் சொல்வது, தேவைகளைக் கணிசமாக நிறைவேற்றும் விலைமனுக்களுக்குள் மதிப்பிடப்பட்ட மிகக் குறைந்த விலையையே. எதை வைத்து மதிப்பிடுவோம் என்று கேள்விமனு ஆவணத்திலேயே முன்கூட்டி எழுதியிருந்தால், ஏழு வருடச் செலவு முழுவதையும் கணக்கில் எடுக்கலாம்; எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு சேர்க்க முடியாது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒருவர் 80 இலட்சத்துக்குத் தந்து வருடப் பராமரிப்புக்கு 5 இலட்சம் கேட்கிறார்; மற்றவர் 65 இலட்சத்துக்குத் தந்து வருட உரிமக் கட்டணமாக 12 இலட்சம் கேட்கிறார். ஏழு வருடத்தில் முதலாமவருக்கு 115 இலட்சம், இரண்டாமவருக்கு 149 இலட்சம்.

அந்த உரிமக் கட்டணம் டொலரில் என்றால் நிலைமை இன்னும் மோசமாகலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. வருமானம் முழுவதும் ரூபாவில் வரும் ஒரு சபை, அவசர சேவையின் மென்பொருளுக்கு டொலரில் மாதந்தோறும் கட்டுவது எனக்கு உடன்பாடில்லாதது. விலை ரூபாவில், உயர்வுக்கு எழுதப்பட்ட உச்சவரம்போடு இருக்க வேண்டும்.

லண்டன் அம்புலன்ஸ் சேவையின் கணினி அனுப்புகை முறைமை இந்த இடத்தில் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம். இத்தகைய பணியில் முன்னனுபவம் இல்லாத சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்று மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்கு எடுத்தது. 1992 ஒக்டோபர் 26 ஆம் திகதி நகரம் முழுவதற்கும் ஒரேயடியாக அதை இயக்கினார்கள். வாகனங்களின் இருப்பிடம் தவறாகப் பதிய, அழைப்புகள் குவிய, அடுத்த நாளே பாதி கைமுறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4 ஆம் திகதி, நினைவகத்தை விடுவிக்காமல் விட்ட ஒரு சிறு நிரல்துண்டால் முறைமை முற்றாக நின்றது. மாற்றுச் சேவையகமும் கைகொடுக்கவில்லை. காகிதத்துக்குத் திரும்பும் வழி அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் சேவை தொடர்ந்தது.

நம் மண்ணில் சோதனை

தொழில்நுட்ப உறையையும் விலை உறையையும் தனித்தனியாகப் பெற்று, விலை உறையைத் திறக்குமுன் களச்சோதனையை முடிக்க வேண்டும். சோதனைக் கதையை நாமே எழுதி, எல்லா வழங்குநருக்கும் ஒரே கதையைக் கொடுக்க வேண்டும். ரேடியோவுக்கு: பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் மலையின் கடற்பக்கம், வைத்தியசாலையின் உட்பகுதி, சந்தை, உப்புவெளி விடுதிகளின் பின்புறம், சீனக்குடாவில் அந்தப் பழைய 99 எண்ணெய்ப் பெருந்தாங்கிகளின் இடைவெளி, கிண்ணியாப் பாலம். ஒவ்வோர் இடத்திலும் ஒரே வசனத்தைப் பேசி, கேட்டதா இல்லையா என்பதைப் பேசியவரும் கேட்டவரும் தனித்தனியே குறிக்க வேண்டும். மென்பொருளுக்கு: ஒரே நேரத்தில் ஐந்து அழைப்புகள், அவற்றில் இரண்டு ஒரே சம்பவம் பற்றியவை, ஒன்று சிங்களத்தில், ஒன்று பாதியில் துண்டிக்கப்படுவது. நடுவில் இணைய இணைப்பைப் பிடுங்குங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள். எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்தது, இடையில் பதிந்தவை தப்பினவா என்று பாருங்கள். மனம் நோகும் என்று இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. நல்ல வழங்குநர் இதை வரவேற்பார்.

கமராவும் முகமறிதலும்

பொலிஸுக்கான தொழில்நுட்பத்தில் வேறொரு கவனமும் தேவை. தீயணைப்பு ரேடியோ பழுதானால் ஒரு தீ பெரிதாகும். முகமறி மென்பொருள் தவறினால் குற்றமற்றவர் கைதாவார். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் 2020 ஜனவரியில் அப்படித்தான் ஒருவர் பிள்ளைகளின் கண்முன்னே கைதுசெய்யப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2024 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, முகமறிதல் முடிவை மட்டும் வைத்துக் கைதுசெய்ய அந்நகரப் பொலிஸுக்கு இப்போது தடை உண்டு. சோதனைச் சாவடிகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்த மக்கள் உள்ள ஊர் இது. எந்தக் கமரா எங்கே, பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம், பார்த்தவரின் பெயர் பதியப்படுமா என்பவற்றை வாங்குமுன் பகிரங்கப்படுத்த வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தையும் சட்ட உத்தியோகத்தரோடு சேர்ந்து வாசித்துவிட்டே இப்பகுதியை எழுத வேண்டும். சபை தன் கமராப் பதிவுகளைப் பொலிஸுக்குத் தருவதானால் அதற்கும் எழுத்து மூலமான நிபந்தனை வேண்டும்.

ஒப்பந்தத்தில் தவறவிடக் கூடாதவை

தரவு சபைக்குச் சொந்தம் என்பதோடு, ஒப்பந்தம் முடியும்போது அதை எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள், எந்தக் கட்டணமும் இன்றித் திருப்பித் தருவார் என்பதையும் எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதைச் செய்துகாட்டவும் சொல்லுங்கள். "99.5 சதவீதம் இயங்கும்" என்ற உறுதி பெரிதாகத் தோன்றும், கணக்கிட்டால் வருடத்தில் ஏறத்தாழ 44 மணி நேரம் நின்றுபோக அனுமதி கொடுத்ததாகிறது. 99.9 சதவீதம் என்றாலும் ஏறத்தாழ 9 மணி நேரம். தொடர்ச்சியாக எத்தனை நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பதையும் தனியாக எழுத வேண்டும்.

காப்புப்பிரதி பற்றி வேறு நாட்டுக் கதை தேவையில்லை. 2023 இல் இலங்கை அரசாங்க மேகக் கணிமைக் கட்டமைப்பு மீது நடந்த, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை, மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான பதிப்பு. எனவே இணைப்பற்ற பிரதி, வேறு ஊரில் ஒரு பிரதி, காலாண்டுக்கு ஒருமுறை பிரதியிலிருந்து மீட்டுக் காட்டும் பயிற்சி, பாதுகாப்புத் திருத்தங்களைக் குறித்த நாட்களுக்குள் நிறுவும் கடமை ஆகிய நான்கும் எழுத்தில் வேண்டும். 2021 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் தரவை இடம்மாற்றும்போது ஓர் ஊழியரின் தவறால் பல டெராபைட் பொலிஸ் கோப்புகள் அழிந்தன. மாற்றம் செய்யும் நாளிலும் பழைய பிரதி அப்படியே இருக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. சிறிய நிறுவனமாயின், அது மூடப்பட்டாலும் மென்பொருளைப் பராமரிக்க முடியும்படி, அதன் மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் வைப்பிலிட ஏற்பாடு செய்யலாம்.

பொறுப்பேற்றல்

புதிய முறைமையும் பழைய புத்தகமும் குறைந்தது மூன்று மாதம் ஒன்றாக ஓட வேண்டும். பயிற்சி இரவுப் பணியாளருக்கு இரவிலேயே நடக்க வேண்டும். கையேடு தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். கணினி நின்றால் காகிதத்துக்கு மாறும் ஒத்திகையை மாதமொருமுறை செய்ய வேண்டும்.

கொடுப்பனவைத் திகதியோடு கட்டாமல் நிறைவேற்றிய வேலையோடு கட்டுங்கள். பொருள் வந்து சேர்ந்ததற்கு ஒரு பகுதி, களச்சோதனையில் தேறியதற்கு ஒரு பகுதி, இணை ஓட்டம் முடிந்ததற்கு ஒரு பகுதி என்று பிரிக்கலாம். இறுதிப் பத்து சதவீதத்தை ஒரு முழு வடகீழ்ப் பருவக்காலம் கடந்தபின், ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான பழுதுப் பதிவேட்டைத் தீயணைப்புப் பிரிவின் பொறுப்பதிகாரி கையொப்பமிட்டுத் தந்த பிறகே விடுவிக்க வேண்டும். மே மாதத்தில் நிறுவி ஜூலையில் முழுப் பணத்தையும் கேட்பவருக்கு இந்த நிபந்தனை கேள்விமனுவின் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கட்டும்.